மச்சான் கொண்டுவந்த பிணங்கள்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். வீடும் பெண்ணின் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கும். ஆகவே அக்காவின், எங்கள் பேச்சில் ராத்தாவின், கல்யாணத்தன்று வீட்டைக் காலி செய்தவர்கள் யார் என்றால், நானும் உம்மாவும் வாப்பாவும்தான். போன தூரம் அதிகமில்லை, குசினிக்குப் பின்னால் புதிதாக இறக்கிய இரண்டு சின்ன அறைகளுக்கு. ஆனாலும் எனக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து நானும் ராத்தாவும் படுத்த அறையின் வாசலில் புதுக் கதவுச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டு, "இனி அங்க தட்டாமப் போகப்படாது புள்ள, வெளங்குதா?" என்று உம்மா சொன்னபோது வந்த கோபத்தை நான் இன்னும் முழுதாக மறந்துவிடவில்லை.

ராத்தாவின் மாப்பிள்ளையான மச்சானுக்கு நிந்தவூர். நீர்ப்பாசன அலுவலகமொன்றில் வாய்க்காலையும் மதகையும் வரைபடமாக வரைகிற உத்தியோகம். ஒல்லி, நெட்டை, சேர்ட்டின் கைப் பொத்தானை மணிக்கட்டோடு பூட்டியிருப்பார். தங்கமான புள்ள என்று எங்கள் கல்முனையில் பாதிப் பேர் சொன்னார்கள். தங்கம்தான், அதற்காகத் தங்கத்தைப் போலவே வாய் திறக்காமலும் இருக்க வேண்டுமா? வந்த முதல் மூன்று கிழமையில் அவர் வாயிலிருந்து நான் கேட்டவை மூன்றே மூன்று: "ஓம்", "போதும்", "வேணாம் மாமி". இதில் மூன்றாவதை உம்மா ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

புது மாப்பிள்ளை சாப்பிடும்போது மாமியார் முன்னால் வந்து நிற்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. உம்மா கதவுச்சீலைக்குப் பின்னால் நின்று கட்டளையிடுவார், நான் சோற்றுக் கோப்பைகளைச் சுமப்பேன். கோழி ஆணம், மாட்டிறைச்சிப் பொரியல், இறால், முட்டை, எல்லாவற்றுக்கும் மேல் இனிப்பாக வட்டிலப்பம். மச்சான் "போதும்" என்று கையால் மறைத்தால், "அது கூச்சத்துல சொல்றது, இன்னோர் அகப்ப வை புள்ள" என்று சீலைக்குள்ளிருந்து குரல் வரும். நான் வைப்பேன். அவர் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையை இறைச்சிக் கடை வாசலில் கட்டியிருக்கும் ஆட்டிடம்தான் நான் கண்டிருக்கிறேன்.

வாப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. ஆனால் ஊர் அவரை அறிந்தது வயலால் அல்ல. ஆண்கள் யாராவது மௌத்தானால், இறந்த உடலான மையத்தைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் கபனிட்டுக் கொடுப்பவர் அவர்தான். கூலி வாங்கமாட்டார். சவர்க்காரம், கற்பூரம், வெள்ளைத் துணிச் சுருள் எல்லாம் எங்கள் அலுமாரியில் எப்போதும் இருக்கும். இப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்குத் தங்கமான மருமகன் வந்துவிட்டார் என்பதால், மச்சான் ஹோலில் வந்து இருந்த உடனேயே உம்மா தொலைக்காட்சியில் குர்ஆன் ஓதல் வரும் சனலைப் போடச் சொல்லுவார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். ரிமோட் அவருக்கு முன்னாலேயே கிடக்கும், தொடமாட்டார். நாங்கள் அவருக்காக மார்க்கப் பற்றோடு இருந்தோம், அவர் எங்களுக்காக மார்க்கப் பற்றோடு இருந்தார். இரண்டு பக்கமும் களைத்துப் போயிருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

மருமகன் போய்விடுவாரோ என்ற உம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஒழுங்கைச் சந்தில் ஒரு வீட்டு மாப்பிள்ளை, கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம், "ரெண்டு நாள் உம்மா ஊட்ட நிண்டுட்டு வாறன்" என்று சொல்லிப் பையோடு போனவர். அந்த இரண்டு நாள் முடியாமலே ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டுப் பெண் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். அவளுடைய உம்மாவைக் கல்யாண வீடுகளில் காண முடியாது. இதை நினைத்து நினைத்து உம்மா எங்கள் மச்சானின் கோப்பையில் இன்னோர் அகப்பை வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, மச்சானுக்குப் பால் விடாத பிளேன்டியும் வட்டிலப்பமும் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார் உம்மா. நான் தட்டவில்லை. என் அறைக்கு நான் எதற்குத் தட்ட வேண்டும்? சீலையை விலக்கிக்கொண்டு போனேன். மச்சான் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் குனிந்திருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. ஒரு கையால் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தார், மற்றக் கையால் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மூக்கால் ஒரு மெல்லிய சத்தம் வந்தது. நான் அப்படியே பின்காலால் நடந்து, பிளேன்டி சிந்தாமல், குசினிக்குத் திரும்பினேன்.

"உம்மா, மச்சான் அழுவுறார்."

"என்னகா சொல்ற? அழுவுறாரா?"

"ஓம். தேம்பித் தேம்பி."

'தேம்பித் தேம்பி' என்பது நானாகச் சேர்த்தது. செய்தி கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அது போதுமான கனமாகத்தான் இருந்தது. உம்மா தேங்காய்த் துருவலைப் பலகையிலேயே இருந்துவிட்டார். வாப்பாவிடம் விசயம் போனபோது அவர் சிரத்தை காட்டவில்லை. "வயித்து வருத்தமாக்கும். நீ தீத்துற தீனிக்கு நானும்தான் அழுவன்" என்றார். உம்மா விடவில்லை. கண்ணூறு பட்டிருக்கும் என்று முடிவுகட்டி, ஓதி ஊதின தண்ணீர் மூன்று போத்தல் எடுப்பித்தார். மச்சான் அது என்னவென்று தெரியாமலே மூன்றையும் குடித்தார். பாவம், அவ்வளவு சாப்பாட்டுக்கும் தாகம் எடுக்கத்தானே செய்யும்.

 அரிசி கழுவிக்கொண்டிருந்த ராத்தா அதையே திரும்பத் திரும்பக் கழுவினாள். உம்மா அப்பால் போனதும் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மெய்யா அழுதாரா?"

"ஓம்."

"என்னத்துக்கெண்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியா."

"எனக்குத் தெரியும்" என்றாள் ராத்தா. "அவருக்கு என்னப் புடிக்கல்ல. அவர்ர உம்மா பேசி முடிச்ச கல்யாணம். அவர் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதானே சொல்லுவார், இதுக்கும் ஓம் எண்டிட்டார். இப்ப அழுவுறார்."

அதற்குப் பிறகு அவள் முகம் கோணிப்போய், கண்ணீர் அரிசித் தண்ணீரில் விழுந்தது.  அந்தத் தேம்பலை நான் சேர்க்காமல் விட்டிருக்கலாம். ஆனால் இனி எடுக்க முடியாது, அது ராத்தாவின் மனதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மச்சான் எதற்காக அழுகிறார் என்று நானே கண்டுபிடித்து, அது ராத்தாவினால் அல்ல என்று நிரூபிப்பது என் கடமை என்று தீர்மானித்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதே நேரம், வீட்டின் வெளிப்பக்கமாக மாதுளை மரத்தடிக்குப் போனேன். அந்த அறையின் சன்னலில் எந்தக் கதவு சரியாக மூடாது என்பது எனக்குத் தெரியாதா? விரல் நுழைகிற இடைவெளியில் கண்ணை வைத்தேன். மச்சான் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தார். முன்னால் லெப்டொப். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் திரையைப் பார்த்தேன்.

ஒரு சலவைக் கடை. வெளிநாட்டில். மையத்துகள் நாற்பது ஐம்பது, கிழிந்த உடுப்பும் பிய்ந்த முகமுமாகக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வருகின்றன. கடைக்காரி, உம்மாவைப் போலவே தடித்த ஒரு மனுசி, இஸ்திரிப் பெட்டியால் முதல் வந்ததன் முகத்தில் ஒன்று கொடுத்தாள். முகம் மடிப்புக் கலையாமல் தட்டையாகிவிட்டது. இன்னொன்றின் கையைப் பிடித்து இழுத்தாள், கை கழன்று வந்தது, அதே கையால் அதன் கன்னத்திலேயே அறைந்தாள். ரத்தம் குழாய் வெடித்தது போல் சுவரெல்லாம் அடித்தது. மூன்றாவதைச் சலவை இயந்திரத்துக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினாள். அது உள்ளே சுற்றியது, சுற்றியது, கண்ணாடி வழியாக ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் திகைத்த முகம் வந்து வந்து போனது. கடைசியில் கதவைத் திறந்தால், அது வெள்ளை வெளேரென்று தோய்ந்து, தலைமயிர் பஞ்சாகப் பொங்கி, பூ மணக்கிறதோ என்று தன் கக்கத்தைத் தானே மோந்து பார்த்தது.

நான் கத்திச் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்தவெல்லாம் நேரமிருக்கவில்லை.

மச்சான் துள்ளி எழும்பினார். ஹெட்போன் கழன்று, சலவைக் கடையின் ஓலம் முழுக்க அறைக்குள் கொட்டியது. லெப்டொப்பை அடித்து மூடினார். பிறகு சன்னல் இடைவெளியில் இருந்த என் ஒற்றைக் கண்ணைக் கண்டார்.

"தங்கச்சி," என்றார் இரகசியமாக, "உள்ளுக்கு வா. கெதியா வா."

மூன்று கிழமையில் பேசாததை எல்லாம் அவர் அந்தப் பத்து நிமிடத்தில் பேசினார். இவைகளுக்கு ஸொம்பி என்று பேர். செத்துப்போய் எழும்பி வந்து ஆட்களைக் கடிக்கும். படம் பயப்படுத்த எடுத்ததல்ல, சிரிக்க எடுத்தது. கூட்டாளிமாரோடு சேர்ந்து படிக்கிற காலத்தில் பார்க்கத் தொடங்கியது, விட முடியவில்லை. கறுப்புச் சீடிப் பை ஒன்றைத் திறந்து காட்டினார். அதற்குள் நான்கு படம்.

"நாலையும் பத்துத் தரம் பாத்திட்டன்," என்றார், பெரிய நோயைச் சொல்கிறவர் போல.

"உங்களுக்கு ரத்தத்தப் பாக்கப் பயமில்லியா மச்சான்?"

"பயமா? கோழி அறுக்கிற எடத்துலயே நான் நிக்கமாட்டன். ஒரு சொட்டு ரத்தம் கண்டா எனக்குத் தல சுத்தும்."

"அப்ப இது?"

அவர் யோசித்தார். வரைபடம் போடுகிறவர் அல்லவா, கையால் மேசையில் கோடு இழுத்துக் காட்டினார். "இஞ்ச ஒரு சொட்டு இரிக்கி. அது மெய்யான ரத்தம், பயம். ஒரு போத்தல் ஊத்தினா இன்னும் பயம். இவனுகள் தண்ணிப் பவுசர் கணக்குல ஊத்துறானுகள். அப்ப மனசுக்குத் தெரிஞ்சிரும், இது சாயத்தண்ணி எண்டு. மறுகா எவ்வளவு ஊத்தினாலும் சிரிப்புத்தான்."

இதைவிட நல்ல விளக்கத்தை இதுவரைக்கும் நான் யாரிடமும் கேட்டதில்லை. அவர் சொல்லாத காரணம் ஒன்றும் எனக்கு இருந்தது. எங்கள் வீட்டுக் கதவை யாராவது அவசரமாகத் தட்டினால், உம்மா என் வாயில் விரலை வைப்பார். வாப்பா சவர்க்காரத்தையும் கற்பூரத்தையும் எடுத்துக்கொண்டு போவார். அன்றைக்கு முழுவதும் சிரிக்கக் கூடாது, ஓடக் கூடாது, மெதுவாகக் கதைக்க வேண்டும். செத்தவர்கள் என்றால் எனக்கு எப்போதும் அந்தப் பொத்திய வாய்தான். இந்த மையத்துகளோ வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தன, கழன்ற காதைத் தேடித் தடவின, கதவைத் தள்ள வேண்டுமா இழுக்க வேண்டுமா என்று தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றன. அன்றைக்கு மீதிப் படத்தையும் மச்சானோடு இருந்து பார்த்து நான் சிரித்த சிரிப்பில் நிறைய நாளுக்கு உரிய சிரிப்பு இருந்தது.

முடிந்ததும் அவர் முகம் மறுபடி பழைய முகமாகிவிட்டது. "மாமாக்குச் சொல்லிராத தங்கச்சி. ராத்தாக்கும் சொல்லாத. மாமா செய்யிற வேலை என்ன, அவர்ர மருமகன் பாக்கிற படம் என்ன? தெரிஞ்சா என்ன மனிசனா மதிக்கமாட்டாங்க."

"வல்லாஹி சொல்லமாட்டன்" என்றேன்.

சத்தியம் செய்த பிறகுதான் அதில் இருந்த ஆபத்து விளங்கியது. மச்சான் அழவேயில்லை என்ற பெரிய உண்மை என் கையில் இருந்தது, ஆனால் அதைக் கொடுக்க வழியில்லை. இருந்தாலும் ராத்தாவிடம் போய் என்னால் முடிந்ததைச் சொன்னேன்.

"அவர் அழல்ல ராத்தா. சிரிச்சவர்."

"என்னத்தப் பாத்துச் சிரிச்சவர்?"

"அது சொல்ல ஏலா."

ராத்தாவின் கண் பெரிதாகியது. "என்னப் பாத்தா?"

"ஐயோ, இல்லகா!"

"அப்ப ஏன் சொல்ல ஏலா?"

 அதுவரைக்கும் புருசன் தன்னால் அழுகிறார் என்று ஒருமுறை அழுதவள், இப்போது தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று இரண்டு மடங்கு அழுதாள். நல்லது செய்யப் போய் நான் செய்த வேலையைப் பாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை அது நடந்தது. மச்சான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, பெரிய பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஹோலில் வாப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"மாமா, நான் ரெண்டு நாள் உம்மா ஊட்ட நிண்டுட்டு வாறன்."

ஒழுங்கை வீட்டு மாப்பிள்ளை சொன்ன அதே வார்த்தைகள், ஓர் எழுத்து பிசகவில்லை. கதவுச்சீலைக்குப் பின்னால் உம்மா சீலையின் ஓரத்தை வாய்க்குள் திணித்துக் கடித்தார். ராத்தா சுவரோடு சாய்ந்து நின்றாள், அழக்கூட இல்லை. வாப்பா "சரி மகன்" என்பதைத் தவிர வேறு என்ன சொல்லுவது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். இவர் படியிறங்கினால் ராத்தாவும் வாசலுக்கு வராத பெண்ணாகிவிடுவாள். அது எனக்கே விளங்கியது.

சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தேன். நடித்துக் காட்டமாட்டேன் என்று செய்யவில்லையே.

பின்னறைக்கு ஓடினேன். வாப்பாவின் அலுமாரியைத் திறந்தேன். வெள்ளைத் துணி வேறு எங்கே இருக்கிறது? சுருளை இழுத்து, கழுத்திலிருந்து கால்வரை என்னைச் சுற்றிக்கொண்டேன். புட்டு மாவை முகத்தில் அப்பினேன். தக்காளிச் சோஸ் போத்தலைத் தலைகீழாகப் பிடித்து வாயிலும் நெஞ்சிலும் ஊற்றினேன். மச்சானின் கணக்கை மறக்கவில்லை, முழுப் போத்தலையும் ஊற்றினேன். இடது காலை இழுத்து, வலது கையை நீட்டி, "ஆஆஆ..." என்று ஊளையிட்டபடி ஹோலுக்குள் வந்து, முகம் சுவரில் முட்டும்வரை நடந்து, முட்டி, திரும்பி, மறுபடி முட்டினேன்.

"லா இலாஹ இல்லல்லாஹ்!" என்று உம்மா கதவுச்சீலையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மருமகனுக்கு முன்னால் வரக்கூடாது என்பதெல்லாம் போய்விட்டது. வாப்பா என்னைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தார். அவர் முகம் இருண்டது.

மச்சான் அசையாமல் நின்றார். பிறகு தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கின. கையைக் கொண்டு வாயைப் பொத்தினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சுவரில் சாய்ந்து, சாய்ந்து, பையோடு நிலத்தில் இருந்துவிட்டார். வயலில் தண்ணீர் இறைக்கிற மெசின் முதலில் இழுபட்டு இழுபட்டு, பிறகு ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளுமே, அப்படித்தான் அவருக்குச் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு சின்ன நெஞ்சுக்குள் அவ்வளவு பெரிய சத்தம் இருக்கும் என்று வீட்டில் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

ராத்தா சுவரை விட்டுக் கிட்ட வந்தாள். என்னைக் கேட்டாள், ஆனால் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பிடித்தானா அழுதவர்?"

"இப்பிடித்தான்."

"ஆர் அழுத?" என்றார் மச்சான், லேஞ்சியைத் தேடிக்கொண்டு.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதை இங்கே பதிவு செய்கிறேன். மச்சானே சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு, பிழை செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. உம்மா நடுவில் அவருடைய பையை எட்டிப் பறித்தார், போகவிடாமல் வைத்துக்கொள்ளத்தான். தூக்கியதும் திகைத்தார். பை வெறுமையாக இருந்தது.

"என்ன மகன் இது? உடுப்பு எங்க?"

"உடுப்பு இல்ல மாமி. மத்தச் சீடியெல்லாம் உம்மா ஊட்டு அலுமாரிக்குள்ள இரிக்கி. அதக் கொண்டுவரத்தான் போகப் பாத்த."

 வாப்பா என் மேலிருந்த துணியைக் கழற்றி, மடித்து, ஒரு பக்கம் வைத்தார். என் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினார். அது நியாயம்தான். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"கொண்டுவாங்க மகன் அந்தப் படத்த. என்னண்டு பாப்பம்."

மச்சான் லெப்டொப்பைக் கொண்டுவந்து வைத்தார். சலவைக் கடைக் கட்டம் ஓடியது. இஸ்திரிப் பெட்டி, கழன்ற கை, சுற்றுகிற முகம். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் வாப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முன்னால் குனிந்து, திரைக்குக் கிட்டப் போய், வெகு கவனமாகப் பார்த்தார். ஒரு மையத்தை இருவர் தூக்கி எறிந்தபோது, "தலையப் புடிக்கணும், ஆர் இவனுக்குப் பழக்கின?" என்றார். சலவை இயந்திரத்திலிருந்து அது வெளியே வந்து கக்கத்தை மோந்தபோது, கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பது வருசமாக் குளிப்பாட்டுறன்," என்றார். "ஒருத்தன் எழும்பி, நல்லாக் குளிப்பாட்டினீங்க எண்டு ஒரு வார்த்த சொல்லல்ல. இவன் மணந்து பாக்கான்!"

முதலில் உம்மாதான் சிரித்தார். பிறகு வாப்பா, பிறகு ராத்தா. ராத்தா சிரித்தபோது மச்சான் திரையைப் பார்க்கவில்லை. "இதுகள் மையத்தே இல்ல மகன்," என்றார் வாப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுகள் கோமாளிகள். மையத்துக்குத்தான் மரியாத. கோமாளிக்கு என்னத்துக்கு?"

அன்றைக்கு மச்சான் நிந்தவூருக்குப் போகத்தான் செய்தார். மோட்டார் சைக்கிளில், பின்னால் ராத்தாவை ஏற்றிக்கொண்டு. அஸருக்கு முன்னரே திரும்பி வந்துவிட்டார்கள். பை நிரம்பியிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சோறும் தின்றால், ஹோலில் படம். மச்சான் "போதும்" என்றால் உம்மா நிறுத்திக்கொண்டார். மச்சான் வாய் ஓயாமல் கதைத்தார். எல்லாம் நல்லபடிதான், ஒரே ஒரு குறை. ராத்தா பயந்தாள்.

எனக்கு அது விளங்கவேயில்லை. ராத்தா யார்? குசினிக்குள் வந்த பாம்பை ஈர்க்குத் துடைப்பக் கட்டையால் அடித்துக் கொன்றவள். மீன்காரர் கூட வெட்ட யோசிக்கிற பெரிய மீன் தலையை ஒரே போடாகப் பிளப்பவள். அப்படிப்பட்டவள் வெறும் சாயத்தண்ணிக்கு "அல்லாஹ்!" என்று கூவி, கண்ணைப் பொத்தி, பக்கத்தில் இருக்கிற மச்சானின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். ஒருதரமா இரண்டு தரமா, படம் முடியும்வரைக்கும். எனக்கு இரக்கமாகப் போய்விட்டது. மச்சானே ஒரு சொட்டு ரத்தத்துக்கு மயங்குகிற ஆள், அவர் எப்படி இவளுக்குத் தைரியம் கொடுப்பார்? ஆகவே அடுத்த வெள்ளியிலிருந்து இருவருக்கும் நடுவில் நான் இருந்துகொண்டேன்.

ராத்தா கூவும்போதெல்லாம் என் கையைக் கொடுத்தேன். அவள் பிடிக்கவில்லை. "அது சாயத்தண்ணிகா, பயப்படாத," என்று ஒவ்வொரு முறையும் காதுக்குள் விளக்கினேன். மச்சான் இரண்டு மூன்று தரம், "தங்கச்சி, அங்கால போய் இரியன், படம் வடிவாத் தெரியும்" என்றார். எனக்கு இங்கேயே வடிவாகத் தெரிகிறது என்றேன். வாப்பா திடீரென்று வயலைப் பார்க்க வேண்டும் என்று எழும்பிப் போனார். வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் வயலில் என்ன பார்க்க இருக்கிறது?

அவர் போனதும் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "புள்ளேய்! இஞ்ச வா, தேங்காய் துருவ ஆளில்ல!"

பகல் சோறு தின்று கோப்பை கழுவி முடிந்த பிறகு யாருக்குத் தேங்காய்? கேட்டேன். இன்னொருதரம் கூப்பாடுதான் வந்தது. அடுத்த வெள்ளியும் அப்படித்தான், அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். படத்தில் முதல் மையத்து எழும்பினால் போதும், உம்மாவுக்குத் தேங்காய் வேண்டும். இந்த வீட்டில் என்னை மட்டும்தான் வேலைக்காரியாக வைத்திருக்கிறார்கள் என்று அழுகை அழுகையாக வரும். துருவலைப் பலகையில் இருந்து ஆத்திரத்தோடு துருவுவேன். ஹோலிலிருந்து ராத்தாவின் கூவல் கேட்கும், அதைத் தொடர்ந்து மச்சானின் சிரிப்பு, பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. பாவம் ராத்தா, பயத்தில் பிடித்துக்கொள்ள இப்போது பக்கத்தில் நான்கூட இல்லையே என்று நினைத்து, கையை வேகமாக ஓட்டுவேன்.